குருவம்மாள் சொல்லாத பதினேழு பேர்

குருவம்மாள் தன் முகத்தை எட்டடி உயரத்தில் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது இடது கன்னத்து மருதான். போட்டோ எடுத்த பிள்ளை அதை அழித்திருக்கலாம் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் கீழே இருந்த எழுத்தைப் படித்தாள். படித்ததும் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

ராஜபாளையத்தில், அவள் தினமும் திரும்பும் முக்கில், டீக்கடைக்கு மேலே அந்த ப்ளெக்ஸ் கட்டியிருந்தது. 'பதினேழு ஆண்களைக் கருத்தடை செய்யவைத்த பெண்ணியப் போராளி, கிராம சுகாதார செவிலியர் திருமதி குருவம்மாள் அவர்களே, வருக வருக!' மேலே மகளிர் தினம் என்று ஊதா நிறத்தில் எழுத்து. கீழே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் பெயர். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

அன்று செவ்வாய்க்கிழமை. கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். நேரமாகிவிட்டது. ஆனாலும் அவளால் நகர முடியவில்லை. டீக்கடையில் நான்கு பேர் கிளாசும் கையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, பதினேழு பேராம்லா. யாரு யாருன்னு தெரியுமா?"

"சேத்தூர்ப் பக்கத்து ஆளுகளாத்தான் இருக்கும். அந்தம்மா ஏரியா அதுதான்."

"ஒன் சகலை கூட ரெண்டோட நிறுத்திட்டான்ல? அவன் நடையே ஒரு மாதிரி இருக்கு பாத்துக்க."

"அவனுக்கு வாய்வுத் தொல்லைடா."

சிரிப்பு. இன்னொருவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். ஹெல்மெட் போட்டிருந்ததால் குருவம்மாளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அரசாங்கம் போட்ட சட்டங்களில் ஹெல்மெட் சட்டம் நல்ல சட்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. சேத்தூருக்கு மேற்கே நான்கு கிராமங்களுக்கு அவள்தான் நர்ஸ். இருபத்தெட்டு வருடமாக அந்தத் தெருக்களில் நடந்தும், சைக்கிளிலும், இப்போது ஸ்கூட்டியிலும் போய்வருகிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பாள். பிறகு மாமியாரின் முழங்காலைப் பற்றி விசாரிப்பாள். மாமியாரின் முழங்காலைத் தொட்டுப் பார்க்காமல் மருமகளின் வயிற்றை அவள் தொட்டதே கிடையாது. படிப்பில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். முதல் வருடம் இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அதில் கற்றுக்கொண்டாள்.

அவள் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் நடந்திருக்கிறது. அதை யாரும் ப்ளெக்ஸில் போடவில்லை. ஆண்கள் பதினேழே பேர். ஒவ்வொருவனையும் சம்மதிக்க வைக்க நான்கு மாதம், ஐந்து மாதம் பிடித்தது. வயல்காட்டு மோட்டார் ரூம் பக்கம், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற இடம் என்று ஆள் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பேசுவாள். நியாயம், உரிமை, சமம் என்ற பேச்சே வராது. "உங்களுக்குப் பத்து நிமிசம், சின்னதா ஒரு ஓட்டை. அவளுக்கு வயித்தத் தொறக்கணும்" என்பாள். கடைசியில் ஒரு வாக்குக் கொடுப்பாள். "எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், உங்க வீட்டுக்காரிக்குத் தெரியும். நாலாவது காதுக்குப் போகாது."

பதினேழு பேரும் வந்தது அந்த வாக்கை நம்பித்தான்.

பதினெட்டாவது ஆள் வேல்பாண்டி. பதினாறு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி. அவன் மனைவி செல்லத்தாய்க்கு முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று மூட்டைப் பிடித்து, பிறகு நெஞ்சில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. இரண்டாவது பிரசவத்திலேயே மூச்சு முட்டி மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு பிள்ளை தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து ஆப்பரேஷன் செய்வதற்கும் தயங்கினார்கள். காப்பர்-டி போட்டதில் ரத்தம் போய் ஆள் வெளுத்துவிட்டாள். எடுத்தாயிற்று. மாத்திரை அவள் உடம்புக்கு ஆகாது. அவன் உறை போட்டும் போன வருடம் ஒரு கரு தங்கி, அதைக் கலைத்து, அப்போதும் ஒரு கண்டம் தப்பினாள். மிச்சம் இருந்தது ஒரே வழி. வேல்பாண்டி போய்ப் பத்து நிமிடம் படுத்து எழ வேண்டும்.

ஐந்து மாதம் பேசி, வரும் திங்கட்கிழமை என்று நாள் குறித்திருந்தாள். இந்த நேரத்தில்தான் ப்ளெக்ஸ்.

தப்பு யாருடையது என்று அவள் வேறெங்கும் தேடவில்லை. கல்லூரி ஆசிரியை ரிஸ்வானா பத்து நாள் முன்னால் துணை சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், கெட்டிக்காரி, நோட்டும் பேனாவுமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் கேட்ட கேள்விகளை இருபத்தெட்டு வருடத்தில் எந்த அதிகாரியும் கேட்டதில்லை. யாராவது ஒருவர் கேட்கமாட்டார்களா என்று உள்ளுக்குள் இருந்த ஆசை குருவம்மாளின் வாயைத் திறந்துவிட்டது. பெயர் எதுவும் சொல்லவில்லை. எண்ணிக்கையைச் சொன்னாள். எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். ஒரு கிராமத்தில் எண்ணிக்கையைக் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையை ஊர் பார்த்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு மறந்துபோனாள்.

மத்தியானம் வேல்பாண்டியின் போன் வந்தது.

"நர்சக்கா, திங்கக்கிழமை நான் வரலை."

"தம்பி, செத்த நேரம் நான் சொல்றதக் கேளுங்க."

"கேட்டது போதும்க்கா. எங்க வாட்ஸ்அப் குரூப்புல அந்த போர்டப் போட்டு 'பதினெட்டாவது ஆடு யாரு'ன்னு ஒருத்தன் கேக்கான். நான் திங்கள் செவ்வாய் லீவு எழுதிக் குடுத்தது மில்லுல வினோத்துக்குத் தெரியும். 'என்னண்ணே, லீவாம்ல'ன்னு கண்ணடிக்கான். ஒரு பொம்பளை போராட்டம் பண்ணி செயிச்ச கணக்குல எம் பேரா? எல்லையில நின்னுட்டு வந்தவன்க்கா நான்."

வைத்துவிட்டான்.

மறுநாள் தடுப்பூசி நாள். நாற்பது பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு, அழுகைச் சத்தம் காதில் இருக்கும்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். கல்லூரி ஆசிரியர் அறையில் ரிஸ்வானா ஒருத்திதான் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போயிற்று. உடனே போனை எடுத்து, இரண்டு ஊரிலும் கட்டியிருந்த ப்ளெக்ஸை இறக்கச் சொன்னாள். சாக்குச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடம் குருவம்மாளுக்குப் பிடித்தது அதுதான்.

"எண்ணிக்கையப் போட்டது என் தப்புக்கா. மன்னிச்சிருங்க."

"அதச் சொன்னது என் தப்பு. அதுல நாம ரெண்டு பேரும் பாதிப் பாதி. அந்த இன்னொரு வார்த்தையையும் எடுத்துருங்க டீச்சர்."

"எது? பெண்ணியமா?" ரிஸ்வானா நிமிர்ந்தாள். "அதுல என்னக்கா தப்பு? நீங்க செய்றதுக்குப் பேரே அதுதானே?"

"இருந்துட்டுப் போகட்டும். நான் குடுக்கிற மாத்திரைக்கும்தான் வாயில நுழையாத பேரு ஒண்ணு அட்டையில இருக்கு. நான் சத்து மாத்திரைன்னுதான் குடுக்கேன். பேரச் சொன்னா பயந்துபோயி குப்பையில போட்டுருவாளுக."

"அப்ப உங்களுக்கு அந்த வார்த்தைமேல கோவமா?"

குருவம்மாள் யோசித்தாள். கோபம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் நான்கு கிராமங்களில் ஒன்றில் நடந்ததைச் சொன்னாள். ஒரு வேனில் வெளியூரிலிருந்து ஆறேழு பெண்கள் வந்தார்கள். வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். புருஷன் அடித்தால் எழுந்து சொல் என்றார்கள். ஈஸ்வரி என்ற பெண் எழுந்து சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாம் நாள் ஈஸ்வரியின் முழங்கைக்குக் கீழே அட்டை வைத்துக் கட்டியது குருவம்மாள்தான். எலும்பு இரண்டாக இருந்தது.

"அவங்க நல்லவங்கதான் டீச்சர். சொன்னதும் பொய் இல்லை. அன்னைக்குப் பொழுது அடஞ்ச பொறவு அவங்க அங்க இல்லை, அம்புட்டுதான். நான் அந்தத் தெருவுலதான் மறுநாளும் நடக்கணும். அந்த வார்த்தைய எம்மேல ஒட்டிவிட்டா, எந்த வீட்டு ஆம்பளையும் 'நர்சம்மா வந்துட்டுப் போகட்டும்'னு சொல்லமாட்டான். கதவு சாத்திருச்சின்னா உள்ள இருக்கிறவளுக்கு நான் எப்படி ரத்த அழுத்தம் பாக்கிறது?"

ரிஸ்வானா பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"சரிக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மாத்திரையோட பேரே தெரியாமத் தின்னுட்டு இருக்கிறவ, நீங்க இல்லாத அன்னைக்கு என்னன்னு கேட்டு வாங்குவா?"

குருவம்மாளுக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டாள். வழியெல்லாம் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட விழா என்பதால் வெள்ளிக்கிழமை போனாள். கிராம சுகாதார செவிலியர் என்று மட்டும் சொல்லிக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னதும், எதிரே இருந்த பெண்களைப் பார்த்து, "ஒங்க உடம்புல ரத்தம் எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சவுக கையத் தூக்குங்க" என்றாள். முந்நூறு பேரில் ஆறு கை எழுந்தது. "காலேஜ் படிச்சு என்ன செய்ய? நாளைக்கே போயிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். ஆசிரியர்கள் கை தட்டுவதா வேண்டாமா என்று விழித்தார்கள். ரிஸ்வானா மட்டும் பலமாகத் தட்டினாள். இறக்கிய ப்ளெக்ஸைக் கேட்டு வாங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டாள் குருவம்மாள். துணை நிலையத்தின் பின்பக்கக் கூரை இரண்டு மழையாக ஒழுகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வேல்பாண்டி வீட்டுக்குப் போனாள். வாசலில் அவன் அம்மா சுடலையம்மாள் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வாங்க போராளியம்மா. எம் மகனையும் சேத்து இன்னொரு போர்டு அடிக்கவா?"

"போர்டு எங்க ஆஸ்பத்திரிக் கூரையில ஒழுகலுக்குக் கெடக்கு மதினி. முழங்கால் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, இருக்கு" என்றாள் சுடலையம்மாள். ஆனாலும் காலை நீட்டினாள். பழக்கம். குருவம்மாள் அழுத்திப் பார்த்தாள், வீக்கம் குறைந்திருந்தது. சொன்னாள். கிழவி அப்போதும் முகத்தைத் திருப்பித்தான் வைத்திருந்தாள், காலை மட்டும் மடக்கவில்லை.

வேல்பாண்டி உள்ளே பனியனோடு உட்கார்ந்திருந்தான். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டான். மரியாதை குறையவில்லை, முகம்தான் இறுகியிருந்தது. தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீரோடு வந்த செல்லத்தாய் குடத்தை இறக்கிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு நிதானப்பட்டதும் அவள்தான் முதலில் பேசினாள்.

"விட்டுருங்கக்கா. அவுகளை நாலு பேரு சிரிக்கிறதுக்கு நானே பண்ணிக்கிடுதேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. இந்தப் பொம்பளை உரிமை அது இதெல்லாம் எனக்கு வேண்டாம்."

"ஏட்டி, செத்துப்போறதுக்கு ஒருத்தி பெர்மிஷன் கேக்கிறத இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் குருவம்மாள். "வாய மூடிட்டு இங்க உக்காரு."

அப்படி அதட்டியது சரியில்லை. பேசவே பேசாத ஒருத்தி வாயைத் திறந்தபோது குருவம்மாளும் மூடச் சொல்லிவிட்டாள். பிறகு அதை நினைத்து வருந்தினாள். அந்த நேரத்தில் கண்ணில் பட்டது செல்லத்தாயின் கழுத்தில் நரம்பு துடித்த துடிப்புதான்.

வேல்பாண்டி கேட்டான். "நான் ஒண்ணு கேக்கேன்க்கா. உங்க வீட்டுக்காரரை மொதல்ல பண்ண வச்சீகளா? ஊருக்கெல்லாம் சொல்லுதீகளே."

செல்லத்தாய் பதறி, "என்ன கேள்வி இது?" என்றாள். வாசலில் புளி உடைக்கிற சத்தம் நின்றது.

குருவம்மாளின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இறந்து ஆறு வருடமாகிறது. பதினேழில் முதல் ஆள் அவர்தான். மகன் பிறந்த மறு வருடம், ஒரு மழைநாளில், முகத்தைச் சுளித்துக்கொண்டே போய்ப் படுத்தார். "எவன்கிட்டயும் சொல்லீறாத" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதை இப்போது சொல்லியிருந்தால் காரியம் அந்த நிமிடமே முடிந்திருக்கும். வாயில்வரை வந்துவிட்டது.

"அத நான் சொல்லமாட்டேன் தம்பி" என்றாள். "அவுக இருந்தாலும் சொல்லமாட்டேன், போனதுக்கப்புறமும் சொல்லமாட்டேன். எண்ணிக்கையச் சொன்னதுக்கே நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. பேரச் சொன்னா நான் இந்தத் தெருவுக்கு வரத் தகுதி இல்லாதவ."

வேல்பாண்டி அவளையே பார்த்தான். குருவம்மாள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"உங்க வாச்சுல நொடி முள்ளு ஓடுதா?"

"ஓடுது. மிலிட்டரி கேன்டீன்ல வாங்குனது."

"அவ கையப் பிடிங்க. இங்க, கட்டைவிரலுக்குக் கீழ. உங்க கட்டைவிரல வைக்காதீங்க, மத்த விரல வைங்க. ஒரு நிமிசம் எண்ணுங்க."

தாலி கட்டிப் பன்னிரண்டு வருடமாகியும் அவன் அப்படி அந்தக் கையைப் பிடித்ததில்லை போலும். செல்லத்தாய் வெட்கப்பட்டு மாமியார் பக்கம் பார்த்தாள். அவன் உதடு அசைய எண்ணினான். பாதியில் கணக்குத் தப்பிப்போய் மறுபடி தொடங்கினான்.

"நூத்து இருபத்தாறு."

"குடத்த எறக்கி அஞ்சு நிமிசமாச்சு. உக்காந்துருக்கா. உங்க லாரி இஞ்சின் நின்ன எடத்துல இந்த ஓட்டம் ஓடுனா என்ன செய்வீக?"

"ஆஃப் பண்ணிட்டுப் பானெட்டத் தொறப்பேன்."

"இத ஆஃப் பண்ண முடியாது தம்பி. லோடுதான் ஏத்தாம இருக்கலாம்."

அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது சுடலையம்மாள், மகனுக்கும் கேட்கிற மாதிரி, "இனிமே தண்ணி நான் எடுத்தா போதும்" என்றாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி எடுப்பாள் என்று குருவம்மாள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே அரசு ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. டாக்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். ஒன்பதே முக்காலுக்கு மெயின் கேட் வழியாக வேல்பாண்டியின் புல்லட் சத்தம் கேட்டது. பின்னால் செல்லத்தாய். பின்வாசல் வழியாக வரச் சொல்லித்தான் குருவம்மாள் ஏற்பாடு செய்திருந்தாள்.

"ஒளிஞ்சு வந்தா பயந்து வந்தேன்னுதான் சொல்லுவானுக" என்றான் வேல்பாண்டி, வண்டியை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டே. "காலையிலயே குரூப்புல எழுதிட்டேன். இன்னைக்கு ஆப்பரேஷன், நாளைக்கழிச்சு டூட்டிக்கு வாரேன், சந்தேகம் இருக்கிறவன் வந்து பாத்துக்கன்னு. ஒருத்தனும் வாயத் தொறக்கல."

பிறகு குரலைத் தாழ்த்தி, கண்டிப்பாகச் சொன்னான். "ஆனா அக்கா, இது நானா எடுத்த முடிவு. யாரும் சொல்லி எடுக்கல. அதையும் எழுதியிருக்கேன்."

ஐந்து மாதம் மோட்டார் ரூமுக்கும் மில் வாசலுக்கும் அலைந்தவள் குருவம்மாள்.

"ஆமா தம்பி. நீங்க எடுத்ததுதான்" என்றாள். "உள்ள போங்க, டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு."

அவன் போனதும் இரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செல்லத்தாய் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். குருவம்மாள் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னாள். ரெண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது, புல்லட் இங்கேயே நிற்கட்டும், ஆட்டோவில் போங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை, அதுவரை பழையபடி ஜாக்கிரதை. "அவரு மறந்துட்டாலும் நீ மறக்கப்படாது."

"சரிக்கா."

"அன்னைக்கு உன்ன வாய மூடுன்னு சொன்னேன். தப்பு. இப்பத் தொற. உனக்கு என்ன சீக்குன்னு சொல்லு."

"நெஞ்சு வலுவில்ல."

"அது உங்க அத்தை சொல்றது. டாக்டர் சீட்டுல என்ன இருக்கு?"

செல்லத்தாய்க்குத் தெரியவில்லை. குருவம்மாள் பையிலிருந்து சீட்டை எடுத்து விரல் வைத்துக் காட்டினாள். "மைட்ரல் ஸ்டெனோசிஸ். சொல்லு. நாளைக்கு மதுரையில, திருநெல்வேலியில எங்க கொண்டுபோனாலும் மொதல் வார்த்தையா இத நீ சொல்லணும். நான் கூட இருக்கமாட்டேன்."

முதல் தடவை நாக்கு பிசகியது. இரண்டாம் தடவையும். உள்ளேயிருந்து வேல்பாண்டி டாக்டரிடம் கார்கில் கதை சொல்லும் சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை செல்லத்தாய் சரியாகச் சொன்னாள்.

"ரத்தம் எம்புட்டு?"

"எட்டு புள்ளி ரெண்டு. இது எனக்குத் தெரியும்க்கா. நீங்க போன மாசம் கார்டுல எழுதும்போதே பாத்துட்டேன்."

குருவம்மாள் சீட்டை மடித்து அவள் கையிலேயே கொடுத்தாள். பையில் போன் அதிர்ந்தது, ரிஸ்வானா. எடுக்கவில்லை. உள்ளே இருப்பவன் வெளியே வந்து நல்லபடியாக வீடு போய்ச் சேரட்டும், பிறகு கூப்பிட்டு, 'பதினெட்டான்னு மட்டும் கேக்காதீங்க டீச்சர்' என்று சொல்லிக்கொள்ளலாம்.